ஒரு காணி, இரண்டு குடும்ப அட்டை: வன்னியிலிருந்து ஒரு நிகழ்வு ஆய்வு

அவரை எங்களிடம் அனுப்பிய கடிதத்தில் இரண்டு வரிதான் இருந்தது. நித்திரை இல்லை, நெஞ்சு படபடக்கிறது, சாப்பாடு இறங்குவதில்லை. போரில் தமையனை இழந்தவர். வன்னியில் நாற்பதை எட்டிக்கொண்டிருக்கிற எந்தப் பெண் நித்திரை வரவில்லை என்று சொன்னாலும் எங்கள் உளவளத்துணைத் துறையில் முதலில் எழுதப்படுவது முள்ளிவாய்க்கால்தான். பெரும்பாலும் அது பிழையும் அல்ல. இந்தக் கோவைக்கு, அதாவது எங்களிடம் வந்த இந்த ஒருவரின் கோப்புக்கு, அது போதவில்லை.

வந்தவர் ஒரு முன்பள்ளி ஆசிரியை. அவரோடு ஒரே வீட்டில் இருப்பவர் தையல் வேலை செய்கிறவர். ஊரில் ஒருவரை ரீச்சர் என்றும் மற்றவரைத் தையலக்கா என்றும் கூப்பிடுகிறார்கள். இங்கேயும் அப்படியே எழுதுகிறேன். ஏ9 வீதிக்குக் கிழக்கே, பஸ் எப்போதாவது வந்து போகிற ஓர் ஊர் என்பதற்கு மேல் இடம் சொல்லப் போவதில்லை. இது துணையாக வாழ்கிற இரண்டு பெண்களைப் பற்றியது, ஆனால் ஒரே சோடியின் கதை அல்ல. ஒன்றுக்கொன்று நெருங்கிய சில அனுபவங்களைச் சேர்த்து, ஆளைக் காட்டிக்கொடுக்கும் விபரங்களை மாற்றி எழுதியது. எங்கள் ஊர்களில் பெயரை மட்டும் மாற்றினால் ஒன்றும் மறையாது. தையல் மெசின் எந்தப் பக்கத்துத் திண்ணையில் இருக்கிறது என்று எழுதினாலே ஆள் பிடிபட்டுவிடும்.

எப்படி ஒரு வீடு ஆனது

தையலக்காவுக்கு 2007இல், இருபத்தொரு வயதில் கலியாணம் நடந்தது. அந்தக் காலத்தில் வன்னியில் அவசரமாக நடந்த கலியாணங்கள் ஏராளம். வீட்டுக்கு ஒருவர் என்று இயக்கத்துக்குப் பிள்ளைகளைக் கேட்டு வந்த நாட்களில், தாலி ஏறிய பிள்ளையை விட்டுவிடுவார்கள் என்ற நம்பிக்கையில் தாய் தகப்பன் செய்தது அது. கணவர் நல்ல மனிதர் என்றுதான் அவர் இன்றும் சொல்கிறார். 2009 மே மாதம் இறந்துபோனார். பிள்ளைகள் இல்லை.

ரீச்சர் தாயோடு செட்டிகுளத்துக்கு, மெனிக்பாமுக்குக் கொண்டுவரப்பட்டார். இராமநாதன், அருணாசலம், ஆனந்தகுமாரசுவாமி என்று தமிழ்ப் பெரியவர்களின் பெயர்களை வைத்த முகாம்களில் சனங்களைக் கம்பிவேலிக்குள் அடைத்திருந்தார்கள். யார் அந்தப் பெயர்களைத் தெரிவு செய்தாரோ! ஒரு கூடாரத்துக்குள் ஒன்றுக்கு மேற்பட்ட குடும்பங்கள் இருந்த நாட்களில், தனியாக வந்த இளம் விதவையை இந்தத் தாயும் மகளும் தங்கள் கூடாரத்துக்குள் எடுத்துக்கொண்டார்கள். தண்ணீர் வரிசையில் தொடங்கிய பழக்கம் என்கிறார் தையலக்கா. இல்லை, தனக்கு அம்மை போட்டுக் கிடந்தபோதுதான் என்கிறார் ரீச்சர். இதில் இருவருக்கும் இன்னும் உடன்பாடு இல்லை.

வெளியே விட்டபோது ரீச்சருக்குப் போக இடமில்லை. தாயின் உறுதிக்காணி, அதாவது முழு உரிமைப் பத்திரம் உள்ள காணி, இராணுவ முகாமுக்குள் இருந்தது. தையலக்காவுக்குப் பிரதேச செயலகம் கொடுத்த உத்தரவுப்பத்திரக் காணி, அதாவது அனுமதியோடு இருக்க விடும் அரச காணி, ஒன்று கிடைத்தது. “என்ர காணியில வந்து இருங்கோ” என்று அவர் கூப்பிட்டதை ஊர் நல்ல காரியமாகத்தான் பார்த்தது. இரவில் சப்பாத்துச் சத்தம் கேட்ட காலம் அது. பெண்கள் தனித்து இருக்கிற வீட்டைவிட மூன்று பெண்கள் சேர்ந்து இருக்கிற வீடு நல்லதென்று கிராம அலுவலரே சொன்னாராம். இந்திய வீட்டுத்திட்டத்தில் தையலக்காவின் பெயருக்கு ஐந்தரை இலட்சம் ரூபா ஒதுக்கப்பட்டு, கட்டக் கட்டப் பகுதி பகுதியாக வந்தது. அது போதாமல் ரீச்சரின் சீட்டுக்காசில் குசினியும் கிணறும் வந்தன.

குடும்ப அட்டைகள் இரண்டு. ஒன்றில் தையலக்கா தனியாள். மற்றதில் ரீச்சரும் தாயும். தாளில் இரண்டு குடும்பம், அடுப்பு ஒன்று.

போர் இப்படி ஒரு வேடிக்கையைச் செய்துவிட்டது. பெண்களே நடத்துகிற வீடு வன்னியில் சாதாரணமாகிவிட்டது. கொழும்பிலோ சென்னையிலோ இரண்டு பெண்கள் வீடு வாடகைக்குக் கேட்டால் வரும் கேள்விகள் இங்கே யாரிடமிருந்தும் வரவில்லை. ஆனால் அந்த மறைப்பு இருவருக்கும் ஒரே அளவாக இருக்கவில்லை. விதவையை ஊர் தன்பாட்டில் விட்டது. ரீச்சர் கலியாணம் ஆகாத குமர். அவருக்கு ஆண்டுக்கு ஆண்டு சம்பந்தம் வந்தது. குறிப்பு இடம்பெயர்வில் தொலைந்துவிட்டது என்று சொல்லிச் சில காலம் தப்பினார். பிறகு ஒரு மாமா, ரீச்சர் பிறந்த நேரத்தைத் தாயிடம் கேட்டு வாங்கிப் புதுக் குறிப்பே எழுதுவித்துக்கொண்டு வந்தார். அதில் செவ்வாய் குற்றம் இருந்தது. அந்த அளவுக்குச் செவ்வாயை நன்றியோடு நினைத்த பெண்ணை நான் வேறு கண்டதில்லை.

ஆஸ்பத்திரிக் கதவு

2022இல் தையலக்காவுக்குக் கர்ப்பப்பையில் கட்டி. எரிபொருள் இல்லாத மாதங்கள். ஆட்டோவுக்குப் பெற்றோல் தேடியே இரண்டு நாள் போனது. விடுதியில் “நீங்கள் என்ன உறவு?” என்று தாதி கேட்க, ரீச்சர் வழக்கமான பதிலைச் சொன்னார்: ஒன்றுவிட்ட தங்கச்சி. பெண்கள் விடுதி என்பதால் இரவில் கூட நிற்கவும் விட்டார்கள். அதுவரை எல்லாம் சரி.

சத்திரசிகிச்சைக்குப் பிறகு இரத்தப்போக்கு நிற்காமல் திரும்பவும் உள்ளே கொண்டுபோனார்கள். அதற்கிடையில் தையலக்காவின் அண்ணர் வந்துவிட்டார். வைத்தியர் வெளியே வந்து விளக்கம் சொன்னது அவரிடம். இரத்தம் கொடுக்க ஆள் தேடச் சொன்னதும் அவரிடம்.

“நான் கதவோட நிண்டனான். எனக்கு ஒருத்தரும் ஒண்டும் சொல்லேல்ல. அண்ணர் போன் கதைச்சுக்கொண்டு வெளிய போட்டார். உயிரோட இருக்கிறாவோ எண்டு நான் கூட்டுற அம்மாவிட்டத்தான் கேட்டனான்.”

இதை ரீச்சர் எங்களிடம் சொல்லப் பல மாதம் எடுத்தது. முதலில் சொன்னது நித்திரை பற்றி மட்டும். தமையனைப் பற்றிக் கதைக்கச் சொன்னால் கதைத்தார், அழுதார், ஆனால் படபடப்பு குறையவில்லை. படபடப்பு எப்போது கூடுகிறது என்று ஒரு கொப்பியில் எழுதச் சொன்னோம். மே மாதத்தில் கூடும் என்று எதிர்பார்த்தேன். கூடியது தையலக்கா கிளினிக்குக்குப் போகிற நாட்களிலும் அண்ணரின் மோட்டார் சைக்கிள் வாசலில் நிற்கிற நாட்களிலும். அந்தக் கொப்பியை மேசையில் விரித்து வைத்துக்கொண்டு, “இவ உங்களுக்கு ஆர்?” என்று கேட்டபோதுதான் பதில் வந்தது. கேள்வியை நான் தணிவாகத்தான் கேட்டேன். அவர் பதிலைத் தணிவாகச் சொல்லவில்லை.

எங்கே சந்திப்பது என்பதே இந்தக் கோவையில் பாதி வேலை. எங்களைப் போன்றவர்களின் வாகனம் ஒரு வீட்டு வாசலில் நின்றால் பின்னேரத்துக்குள் ஊருக்குக் காரணம் வேண்டும். அதனால் கிளிநொச்சி நகரில், தையல் பயிற்சி நடக்கும் கட்டிடத்தின் பின்னறையில் சந்தித்தோம். நூல் வாங்கப் போகிறேன் என்று சொல்லி வரலாம். கோவையில் “உறவு” என்ற இடத்தில் என்ன எழுதுவது என்று ரீச்சரிடமே கேட்டோம். வெற்றாக விடச் சொன்னார், விட்டோம். கோவைகள் இரும்பு அலுமாரியில்தான் இருக்கின்றன. ஆனால் அலுமாரித் திறப்பு எத்தனை பேரிடம் இருக்கிறது என்பதை எங்களில் யாரும் எண்ணிப் பார்ப்பதில்லை.

பொலிஸ் என்ற சொல்

அதே 2022 ஜூனில் அக்கரைப்பற்றிலிருந்து ஒரு செய்தி வந்தது. ஒன்றாக வாழ விரும்பிய இரண்டு பெண்களை நீதவான் மனநலப் பரிசோதனைக்கு அனுப்பியிருந்தார். தையலக்காவின் அண்ணர் அதைப் பேஸ்புக்கில் வாசித்தார். தங்கையின் வீட்டு அறைகளையும் ஒருமுறை எண்ணிப் பார்த்திருக்க வேண்டும். “பொலிசில குடுத்தா ரெண்டு பேரும் உள்ள போவியள்” என்று ஒருநாள் கத்திவிட்டுப் போனார்.

ஆகவே சட்டத்தை உட்கார்ந்து பார்த்தோம். 1883ஆம் ஆண்டுத் தண்டனைச் சட்டக்கோவையின் 365அ பிரிவு, முதலில் ஆண்களுக்கிடையிலான பாலியல் செயல்களைப் பற்றியதாகவே இருந்தது. 1995இல் திருத்தியபோது பெண்களையும் உள்ளே இழுத்துக்கொண்டார்கள். திருத்தம் என்றால் குறைப்பார்கள் என்றுதான் நினைப்போம். தண்டனை இரண்டு ஆண்டு வரை சிறை. 2022இல், பெண்களுக்கெதிரான பாரபட்சத்தை ஒழிக்கும் ஐ.நா. குழு, இலங்கைப் பெண்ணொருவர் கொண்டுவந்த முறைப்பாட்டில், இந்தச் சட்டம் அவருடைய உரிமைகளை மீறுகிறது என்று முடிவு சொன்னது. 2023 மே மாதத்தில், இந்தப் பிரிவுகளைத் திருத்தும் தனிநபர் சட்டமூலம் அரசியலமைப்புக்கு முரணில்லை, சாதாரண பெரும்பான்மை போதும் என்று உயர் நீதிமன்றம் சொன்னது. அந்தச் சட்டமூலம் நிறைவேறாமலே 2024 செப்டெம்பரில் பாராளுமன்றம் கலைந்தது.

இதை அவர்களுக்கு நாங்கள் சொன்ன விதம் வேறு. சட்டம் தண்டிக்கிறது ஒரு செயலை. இரண்டு பெண்கள் ஒரு வீட்டில் இருப்பதையோ, ஒருவரை ஒருவர் நேசிப்பதையோ குற்றம் என்று எங்கும் எழுதவில்லை. மனநோய் என்ற பேச்சுக்கும் இடமில்லை. உலக சுகாதார நிறுவனம் 1990இலேயே நோய்ப் பட்டியலிலிருந்து ஒருபால் ஈர்ப்பை எடுத்துவிட்டது. மாறாக, கூடப்பிறந்தவர் மிரட்டினாலோ அடித்தாலோ 2005ஆம் ஆண்டின் வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் நீதவானிடம் பாதுகாப்புக் கட்டளை கேட்கலாம். தையலக்கா அதைக் கேட்டுக் கன நேரம் சிரித்தார். வழக்குப் போடுகிற எண்ணம் அவருக்கு இல்லை. ஆனால் பொலிஸ் என்ற சொல் அண்ணருக்கு மட்டும் சொந்தமானதல்ல என்று தெரிந்த பிறகு, மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டதும் அறைக்குள் போகிற பழக்கம் நின்றது.

அம்மா

சொல்ல வேண்டும் என்று விரும்பியவர் ரீச்சர். வேண்டாம் என்றவர் தையலக்கா. இதுவரை நடந்த சண்டைகளில் பெரியது இதுதான். கட்சி எடுக்கும்படி இருவரும் என்னைத் தனித்தனியே கேட்டார்கள்.

வெளிநாட்டுக் கையேடுகள் சிலவற்றில், வெளிப்படச் சொல்வது ஒரு நாளில் கடக்கிற வாசல்படி போல எழுதியிருக்கிறது. கடந்தால் விடுதலை, கடக்காவிட்டால் பொய் வாழ்க்கை. வன்னியில் அப்படி ஒரு படி இல்லை. இங்கே ஒருவருக்குச் சொன்னால் அது அவருடைய தமக்கைக்கும், தமக்கையின் சுவிஸ் மகனுக்கும் சொன்னதாகும். எனவே “சொல்வதா, விடுவதா” என்ற கேள்வியை ஒதுக்கிவிட்டு, யாருக்குத் தெரியாமல் இருப்பதால் எந்தக் காரியம் தடைப்படுகிறது என்று மட்டும் பார்த்தோம். தாய்க்குத் தெரியாததால் இரவு தடைப்படுகிறது: இரண்டு கட்டில், நடுவில் தாயின் பாய். அண்ணருக்குத் தெரியாததால் ஆஸ்பத்திரியும் காணியும் தடைப்படுகின்றன. முன்பள்ளிப் பெற்றாருக்குத் தெரியாததால் எதுவும் தடைப்படவில்லை; தெரிந்தால் வேலை போகலாம். ஆகவே அங்கே சொல்லத் தேவையில்லை. இதைப் பயந்தாங்கொள்ளித்தனம் என்று சொல்பவர்கள் அந்தப் பாலர்களின் தாய்மாரோடு ஒரே கிணற்றடியில் நின்று பார்த்தவர்களாக இருக்க மாட்டார்கள்.

தாய்க்குச் சொன்னது ஒரு தைப்பூசத்துக்கு முதல்நாள், அரிசி புடைக்கும்போது. பல தடவை ஒத்திகை பார்த்த வசனங்கள் ஒன்றும் வரவில்லை என்று ரீச்சர் சொன்னார். “அம்மா, நான் கலியாணம் கட்டமாட்டன். அக்காவோடதான் இருப்பன். அக்கா மாதிரி இல்லை” என்றிருக்கிறார்.

தாய் சுளகை வைக்கவில்லை. “உதை நீ இப்பதான் எனக்குச் சொல்லுறாய். நான் செட்டிகுளத்திலயே கண்டனான்.”

பிறகு தாய் அழுதார். ஏற்றுக்கொண்ட தாய் என்று சொல்லி இதை அழகாக முடித்துவிட முடியாது. பல நாள் மகளோடு சரியாகக் கதைக்கவில்லை. பேரப்பிள்ளை இல்லை என்பதைவிட, தான் செத்தால் கொள்ளி வைக்க ஆண் இல்லாத வீட்டில் மகளும் இப்படி ஆகிவிட்டாளே என்பதுதான் அவருடைய துக்கம். போரில் இறந்த மகனின் படத்துக்கு முன்னால் போய் இருந்துகொண்டு, அவனிடமே முறையிட்டார். எங்கள் பணியாளர் ஒருவர், தாயின் வயதை ஒத்தவர், வேறு சாட்டுச் சொல்லிப் போய்க் கதைத்தார். அந்தக் கதையில் தாய் கேட்ட கேள்வி ஒன்றுதான் கோவையில் இருக்கிறது: “நான் போனாப் பிறகு இவளைத் தையல்காரி விட்டிட்டுப் போகமாட்டாள்தானே?” பன்னிரண்டு வருடம் போகாதவர் என்பதைத் தாயே கணக்குப் பார்த்துச் சொன்னார். வற்றாப்பளை அம்மன் கோவில் பொங்கலுக்கு அந்த வருடமும் மூவரும் சேர்ந்துதான் போனார்கள். வந்த கிழமை, இரண்டாவது கட்டிலைப் பக்கத்து வீட்டுக் கிழவிக்குக் கொடுக்கச் சொன்னவர் தாய்.

தையலக்காவின் பக்கம் அவ்வளவு பேச்சில்லை. கணவரின் படத்துக்கு ஒவ்வொரு மே 18ஆம் திகதியும் விளக்கு வைக்கிறார். அவருக்குத் துரோகம் செய்கிறோமோ என்று ஒருமுறை கேட்டார். ரீச்சர் சொல்லாமலே அந்த விளக்குக்கு எண்ணெய் விடுகிறவர் என்பதும் அவரிடமிருந்தே தெரியவந்தது. இதில் நான் சேர்த்துச் சொல்ல ஒன்றும் இருக்கவில்லை.

காணி

அண்ணர் ஒரு விடயத்தில் நேராகவே இருந்தார். அவருக்கு வேண்டியது காணி. தங்கைக்குப் பிள்ளை இல்லை, நோயும் வந்துவிட்டது, எனவே தன் மகனின் பெயரைப் போடு என்றார். உத்தரவுப்பத்திரக் காணிக்குத் தனக்குப் பிறகு யார் என்று பெயர் பதியும் ஏற்பாடு இருக்கிறது. பின்னுரித்தாளர் நியமனம் என்பார்கள். தையலக்கா அந்த இடத்தில் ரீச்சரின் பெயரைப் போட நினைத்திருந்தார்.

முடியாது. 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டம், வாழ்க்கைத்துணை அல்லது அட்டவணையில் உள்ள உறவினரை மட்டுமே நியமிக்க விடுகிறது. பிள்ளை, பேரப்பிள்ளை, பெற்றார், சகோதரம், மாமன் மாமி, மருமக்கள் (சகோதரத்தின் பிள்ளைகள்) வரை அந்த அட்டவணை போகிறது. 2022இல் அதைத் திருத்தியபோது ஆணுக்கு முன்னுரிமை என்ற பழைய முறையை எடுத்தார்கள். மகனும் மகளும் சமமானார்கள். இத்தனை வருடம் அதே கிணற்றில் தண்ணீர் அள்ளியவருக்கு அதில் இடமில்லை. பெயர் போடாமல் வெற்றாக விட்டால் என்ன என்று கேட்டார்கள். பிள்ளையும் பெற்றாரும் இல்லாதவரின் காணி அட்டவணைப்படி சகோதரத்துக்குத்தான் போகும். அண்ணர் சும்மா இருந்தாலே போதும்.

வன்னி நிலத்தில் பெரும்பகுதி இப்படி அரச காணி என்பதால், இது இந்த ஒரு சோடியின் சிக்கல் அல்ல. யாழ்ப்பாணத்தில் இருக்கும் ஒருவருக்குப் பெரும்பாலும் உறுதிக்காணி. அவர் ஒரு நொத்தாரிசிடம் போய், இரண்டு சாட்சிகளோடு மரணசாதனம் எழுதி, விரும்பியவருக்குக் கொடுக்கலாம். எங்களூர்ப் பெண்ணுக்கு அந்த வழி அடைபட்டிருக்கிறது. பாலியல் அடையாளத்தைப் பற்றிய கூட்டங்களில் காணிச் சட்டம் பேசப்பட்டு நான் கேட்டதில்லை. பேசினால் வன்னிக்காரருக்கு உதவும்.

இராணுவம் விட்டுப்போன தாயின் உறுதிக்காணி இதற்கிடையில் கைக்கு வந்திருந்தது. தென்னை ஒன்றும் மிஞ்சவில்லை, ஆனால் உறுதி உறுதிதான். தாய் அதை மகளுக்கு நன்கொடையாக எழுதினார். ரீச்சர் அதைத் தையலக்காவுக்கு மரணசாதனம் எழுதினார். நொத்தாரிசு ஒரு வயதான மனிதர். “சிநேகிதிக்கோ?” என்று கேட்டார். “ஓம், ஐயா. என்ர குடும்பம்” என்று ரீச்சர் சொன்னார். அவர் மேலே ஒன்றும் கேட்காமல் எழுதினார். தாயையும் எங்களையும் தவிர வெளியாள் ஒருவரிடம் அப்படிச் சொன்னது அதுவே முதல் தடவை. ஆக, ரீச்சர் முதலில் போனால் தையலக்காவுக்கு ஒரு காணி இருக்கும். தையலக்கா முதலில் போனால் ரீச்சர், தானே காசு போட்டுக் கட்டிய வீட்டிலிருந்து எழும்ப வேண்டும்.

2024இல் இத்தகைய காணிகளுக்கு முழு உரிமை கொடுக்கும் ‘உறுமய’ திட்டம் வந்தபோது தையலக்கா விண்ணப்பித்தார். உறுதி இன்னும் கைக்கு வரவில்லை. அதுவரைக்கும் ஒரு வழியைப் பிடித்திருக்கிறார்கள். அண்ணரின் மகள் பல்கலைக்கழகத்தில் படிக்கிறாள். யாரும் சொல்லாமலே விளங்கிக்கொண்டவள். “மாமி, அவவும் எனக்கு மாமிதானே” என்றவள். தையலக்கா அவளுடைய பெயரைப் பின்னுரித்தாளராகப் போட்டார். மருமகள் அட்டவணைக்குள் வருகிறாள். எந்த நேரமும் மாற்றவும் முடியும். மகனுக்குக் கேட்ட அண்ணர் மகளுக்குப் போனதை எதிர்க்க முடியாமல் நிற்கிறார். ரீச்சர் அங்கே இருக்கும்வரை இருக்கலாம் என்று அந்தப் பிள்ளை வாய்ச்சொல் கொடுத்திருக்கிறாள். அதற்குச் சட்டத்தில் பெறுமதி இல்லை.

ஆஸ்பத்திரிக்கு எளிய வழி இருந்தது. தையலக்கா தன் கையெழுத்தில் ஒரு கடிதம் எழுதிக் கிளினிக் கொப்பிக்குள் வைத்திருக்கிறார்: என் நிலைமையைப் பற்றி இவரிடம் சொல்லுங்கள், அண்ணரிடம் சொல்வதென்றால் இவரையும் கூப்பிட்டுச் சொல்லுங்கள். போனமுறை வைத்தியர் அதை வாசித்துவிட்டு ரீச்சருக்கும் ஒரு கதிரை எடுத்துப்போடச் சொன்னார்.

நித்திரை வருகிறது. மாத்திரையைப் படிப்படியாகக் குறைத்து நிறுத்தியாகிவிட்டது. யாழ்ப்பாணத்தில் இவர்களைப் போன்றவர்கள் கூடும் ஒன்றுகூடல்களுக்கு இருவரையும் கூப்பிடுகிறார்கள். படம் எடுப்பார்கள் என்று தையலக்கா போவதில்லை, ரீச்சர் ஒருமுறை தனியாகப் போய்வந்தார். அண்ணர் வாசலுக்கு வருவதில்லை. அவருடைய மனைவி கூழ் காய்ச்சினால் தூக்குச்சட்டியில் கொடுத்துவிடுகிறார், மூவருக்கும் போதுமான அளவு.

கோவையை மூடலாமா என்று கேட்டேன். தையலக்கா மூடச் சொன்னார். ரீச்சர் சம்மதிக்கவில்லை. “அந்தப் பிள்ளை நல்ல பிள்ளைதான். ஆனா என்ர கிணத்தில தண்ணி அள்ள நான் ஏன் ஆற்றையும் நல்ல மனசைப் பாத்துக்கொண்டிருக்கோணும்?” என்றார். மூடவில்லை. காணிக் கிளையின் அடுத்த நடமாடும் சேவைக்கு இருவரும் விண்ணப்பத்தின் பிரதியோடு போவதாக ஏற்பாடு.